கதவைத் தட்டுவது குற்றவாளிக்குக் காட்டும் சலுகை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் காவல் துறையினர் கதவைத் தட்டாமலே வீடு புகுந்து சோதனையிடும் முறையைப் பற்றித் தங்கள் நாளிதழின் கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். போதைப்பொருள் விற்பவன் வீட்டுக்குள் சொல்லிவிட்டா நுழைய முடியும், குற்றம் செய்யாதவர்கள் இதற்கு ஏன் அஞ்ச வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். பார்த்த மாத்திரத்தில் நியாயமாகத்தான் தோன்றுகிறது. நான் மினியாபொலிஸ் நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில் மேலாளராக இருக்கிறேன். அங்குள்ள எல்லா வீடுகளின் மாற்றுச் சாவிகளும் என் பொறுப்பில் உள்ளன. யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள், யார் எப்போது காலி செய்தார்கள் என்ற பதிவேட்டைத் தினமும் புரட்டுகிறவள் என்ற முறையில் அவருக்குப் பதில் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சோதனை வாரண்டோடு வரும் காவலர் கதவைத் தட்டி, தாம் யார், எதற்காக வந்திருக்கிறோம் என்று அறிவித்து, வீட்டார் கதவைத் திறக்கச் சற்று நேரம் கொடுக்க வேண்டும் என்பது இங்கே பழைய விதி. இங்கிலாந்து நீதிமன்றம் 1604-லேயே இதைச் சொல்லிவிட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995-ல், வில்சன் வழக்கில், இது, நியாயமற்ற சோதனைகளிலிருந்து மக்களைக் காக்கும் அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்துக்குள் அடங்கியது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தட்டினால் காவலருக்கு ஆபத்து நேரும், அல்லது சாட்சியப் பொருள் அழிந்துவிடும் என்று சந்தேகிக்கத் தக்க காரணம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. போதைப்பொருள் வழக்கு என்றாலே விதிவிலக்கு என்று பொதுவாக வைத்துக்கொள்ள முடியாது என்பதையும் அதே நீதிமன்றம் 1997-ல் தெளிவாக்கியது. அப்படியிருந்தும் நடைமுறையில் விதிவிலக்கு பெருகிவிட்டது. காரணம் எளிது. 'ஆபத்து இருக்கிறது' என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதுபவர் காவலர். நீதிபதி பார்ப்பது அந்தத் தாளை மட்டும்தான். எதிர்த்தரப்பு என்று அங்கே யாரும் இல்லை.

எங்கள் நகரத்தில் நடந்ததையே சொல்கிறேன். 2022 பிப்ரவரி 2, காலை 6.48 மணி. இங்கே பிப்ரவரியில் அந்த நேரத்துக்கு இன்னும் விடிந்திருக்காது. நகர மையத்தில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டின் பூட்டில் சாவி ஓசையில்லாமல் நுழைந்து திரும்புவது காவலரின் உடற்கேமராக் காட்சியில் தெரிகிறது. கதவு திறந்த பிறகுதான் 'போலீஸ், சோதனை வாரண்ட்' என்ற கூச்சல். சோபாவில் தலை முதல் கால் வரை போர்வை போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தவர் அமீர் லாக் என்ற 22 வயது இளைஞர். ஒரு காவலர் சோபாவை எட்டி உதைக்கிறார். போர்வைக்குள்ளிருந்து எழ முயல்கிறவரின் கையில் துப்பாக்கி. அவர் உரிமம் பெற்று வைத்திருந்த துப்பாக்கி அது. உள்ளே நுழைந்து பத்து விநாடிகூட ஆகவில்லை, சுட்டுவிட்டார்கள். அந்த வாரண்டில் அவர் பெயரே இல்லை. பக்கத்து நகரமான செயின்ட் பாலில் நடந்த ஒரு கொலை வழக்கில் வேறொருவரைத் தேடி வந்திருந்தார்கள். செயின்ட் பால் காவல் துறை முதலில் கேட்டது வழக்கமான, தட்டி அறிவித்து நுழையும் வாரண்ட்தான் என்பதும், தட்டாமல் நுழைய வேண்டும் என்று வற்புறுத்தியது மினியாபொலிஸ் காவல் துறை என்பதும் பின்னர் வெளிவந்தன. சுட்ட காவலர் மீது வழக்குத் தொடரப் போவதில்லை என்று அந்த ஆண்டு ஏப்ரலில் அரசு வழக்கறிஞர்கள் அறிவித்தார்கள். துப்பாக்கியைக் கண்டதும் காவலர் அஞ்சியது நியாயமானது என்று சட்டம் கருதுகிறதாம். தூக்கத்தில் உதைபட்டு எழுந்தவர் அஞ்சியதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

அந்தக் காட்சியைப் பார்த்த அன்று என்னை உலுக்கியது அந்தச் சாவிதான். என் மேசைக்குப் பின்னால் சுவரில் உள்ள இரும்புப் பெட்டியில் அதே மாதிரிச் சாவிகள் தொங்குகின்றன. அவற்றில் வீட்டு எண் எழுத மாட்டோம். தொலைந்து யார் கையிலாவது கிடைத்தால் ஆபத்து என்பதால் குறியீடு மட்டும் இருக்கும். குழாய் பழுது பார்க்க ஒரு வீட்டுக்குள் போக வேண்டும் என்றால்கூட முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கிறோம். போகும் நாளில் மூன்று முறை தட்டி, உரக்கக் குரல் கொடுத்து, காத்திருந்துதான் சாவியைப் போடுகிறோம். கையில் திருப்புளி மட்டும் வைத்திருக்கிற எங்கள் பணியாளருக்கே இத்தனை கட்டுப்பாடு.

வீட்டு எண் விஷயத்தில் தவறு எவ்வளவு எளிதாக நேரும் என்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் வளாகத்தில் ஒரே மாதிரி இரண்டு கட்டடங்கள். இரண்டிலும் ஒரே எண் கொண்ட வீடுகள் உண்டு. உணவு கொண்டுவரும் பையன்கள் வாரந்தோறும் தவறான கட்டடத்தில் போய் நிற்கிறார்கள். காலி செய்துகொண்டு போனவர்களின் கடிதங்கள் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருக்கின்றன. வங்கி, காப்பீடு, வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமம் என்று எல்லாவற்றிலும் பழைய முகவரிதான். அரசு ஆவணத்தில் ஒருவர் இன்னும் எங்கள் வளாகத்தில் குடியிருப்பார், உண்மையில் அவர் வேறு மாநிலத்துக்கே போயிருப்பார். அவர் இருந்த வீட்டில் இப்போது யாரோ ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு வீட்டுக்குக் காவலர்கள் வாரண்டோடு வந்த ஒரு மாலை நேரம் எனக்கு நினைவிருக்கிறது. தாழ்வாரத்தில் சலசலப்புக் கேட்டு நான் எழுந்து போனேன். மூன்று பேர் கதவுக்குப் பக்கவாட்டில் விலகி நின்றிருந்தார்கள். ஒருவர் ஓங்கித் தட்டி, போலீஸ் என்று சொன்னார். மறுபடி தட்டினார். உள்ளே பாத்திரம் கீழே வைக்கிற ஓசை, செருப்பு தேய்கிற ஓசை, பிறகு கண்துளையில் நிழல் விழுந்தது. கதவைத் திறந்தவர் ஒரு சோமாலிப் பாட்டி. இரண்டு கைகளிலும் முழங்கை வரை மாவு. அவருடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. காவலர்கள் தேடி வந்தது முப்பது வயது ஆண் ஒருவனை. அந்தப் பாட்டியின் முகத்தைப் பார்த்ததுமே முன்னால் நின்ற காவலர் தம் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார். நான் வாடகை ஒப்பந்தக் கோப்பை எடுத்துவந்து காட்டினேன். அவன் காலி செய்து மாதங்கள் ஆகியிருந்தன. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள். இத்தனையும் சில நிமிடங்களில் முடிந்தது. அதே வாரண்டை அதிகாலையில், கதவை உடைத்து, வெடியெறிந்து நிறைவேற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வாசகர் நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கதவைத் தட்டுவதை அவர் குற்றவாளிக்குக் கொடுக்கும் முன்னறிவிப்பாகப் பார்க்கிறார். உண்மையில் அது காவல் துறை தன் தவறைத் தானே கண்டுகொள்வதற்கு மிஞ்சியிருக்கும் கடைசி இடம். அதற்கு முந்தைய எல்லாச் சோதனைகளும் தாளில் நடப்பவை. தகவலாளி சொன்னது, துப்பறிவாளர் எழுதியது, நீதிபதி கையெழுத்திட்டது. தாளில் பொய் இருந்தால் பொய்யோடுதான் படை கிளம்புகிறது.

அந்தப் பொய்கள் கற்பனை அல்ல, நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டவை. அட்லாண்டா நகரில் 2006 நவம்பரில் கேத்ரின் ஜான்ஸ்டன் என்ற 92 வயது மூதாட்டியின் வீட்டைப் போதைத் தடுப்புக் காவலர்கள் உடைத்தார்கள். அங்கே போதைப்பொருள் வாங்கியதாகப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லப்பட்டது நடக்கவே இல்லை. தனியாக வாழ்ந்த அந்த அம்மையார் கம்பிக் கதவை யாரோ பெயர்ப்பதைக் கேட்டுத் துருப்பிடித்த துப்பாக்கியால் ஒரு முறை சுட்டார். அது யார் மீதும் படவில்லை. காவலர்கள் 39 முறை சுட்டார்கள். பிறகு அவருடைய வீட்டிலேயே கஞ்சாப் பொட்டலங்களை வைத்தார்கள். தகவலாளி ஒருவரைப் பொய் சொல்லச் சொல்லி நெருக்கினார்கள். அவர் மறுத்து உண்மையைச் சொன்னதால்தான் வெளியே தெரிந்தது. மூன்று காவலர்கள் சிறை சென்றார்கள். ஹூஸ்டன் நகரில் 2019 ஜனவரியில் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் வீட்டில் கொல்லப்பட்டார்கள். ஹெராயின் வாங்கியதாகச் சொல்லப்பட்ட தகவலாளி என்று ஒருவர் இருக்கவே இல்லை. வாரண்டுக்குப் பொய் எழுதிய ஜெரால்டு கோயின்ஸ் என்ற காவலருக்கு 2024-ல் கொலைக் குற்றத்துக்காக 60 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

பிரியானா டெய்லரின் பெயரைத் தமிழ் வாசகர்களும் கேட்டிருப்பார்கள். கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் 2020 மார்ச் 13, நள்ளிரவு கடந்த நேரம். 26 வயது, மருத்துவமனை அவசரப் பிரிவில் வேலை. தேடப்பட்டவர் அவருடைய முன்னாள் காதலர், அவர் அந்த வீட்டில் வசிக்கவில்லை. பிரியானாவின் வீட்டுக்கு அந்த ஆளின் பெயரில் பொட்டலங்கள் வருவதாக அஞ்சல் துறை ஆய்வாளர் உறுதிசெய்தார் என்று வாரண்டில் எழுதியிருந்தார்கள். அது பொய் என்பதை ஒரு பெண் துப்பறிவாளர் 2022-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வாரண்ட் தட்டாமல் நுழையும் வாரண்ட். ஆனால் நாங்கள் தட்டினோம், அறிவித்தோம் என்று காவலர்கள் சொன்னார்கள். அண்டை வீட்டாரில் பெரும்பாலோர் போலீஸ் என்ற சொல்லே கேட்கவில்லை என்றார்கள். உள்ளே இருந்த பிரியானாவின் காதலர் கென்னத் வாக்கர் திருடர்கள் என்று நினைத்து ஒரு முறை சுட்டார். ஒரு காவலரின் தொடையில் பட்டது. பதிலுக்கு 32 குண்டுகள். பிரியானா உயிரிழந்தார். வாக்கர் செய்த அடுத்த காரியம் என்ன தெரியுமா? அவசர உதவி எண்ணை அழைத்துப் போலீஸைக் கூப்பிட்டார். என்ன நடக்கிறதென்று தெரியவில்லை, யாரோ கதவை உடைத்து என் காதலியைச் சுட்டுவிட்டார்கள் என்று அழுதார். போலீஸ் என்று அறிந்து சுட்டவர் போலீஸை உதவிக்குக் கூப்பிடுவாரா? அவர் மீதே முதலில் கொலை முயற்சி வழக்குப் போட்டார்கள். பின்னர் கைவிட்டார்கள். வீட்டில் போதைப்பொருள் எதுவும் கிடைக்கவில்லை. நகர நிர்வாகம் குடும்பத்துக்கு 1.2 கோடி டாலர் கொடுத்தது.

குற்றம் செய்யாதவர்கள் அஞ்ச வேண்டாம் என்ற வாதத்துக்கு இன்னொரு பதில் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறது. 2014 மே மாதம், ஹேபர்ஷாம் மாவட்டத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒரு லாவோஸ் வம்சாவளிக் குடும்பத்தின் கைக்குழந்தைக்கு அப்போது 19 மாதம். காதைச் செவிடாக்கி, கண்ணைக் கூசவைக்கும் வெடியைக் காவலர்கள் இருட்டுக்குள் எறிந்தார்கள். அது குழந்தை படுத்திருந்த தொட்டிலில் விழுந்து வெடித்தது. முகமும் மார்பும் கிழிந்தன. தேடப்பட்ட ஆள் அந்த வீட்டில் இல்லை, போதைப்பொருளும் இல்லை. அத்தனை படைக்கும் காரணம் 50 டாலர் மதிப்புள்ள போதைப்பொருள் விற்பனை. குழந்தைகள் இருப்பது தங்களுக்குத் தெரியாது என்றார்கள். பகலில் ஒருவரை அனுப்பி வாசலைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நண்பர் காவலர்களின் உயிரைப் பற்றியும் கவலைப்பட்டிருந்தார். நானும் கவலைப்படுகிறேன். எங்கள் குடியிருப்பிலேயே காவலர் குடும்பம் இருக்கிறது. ஆனால் ஆயுதம் வைத்துக்கொள்வது உரிமையாக இருக்கும் நாட்டில், தன் வீட்டுக்குள் புகுந்தவனை எதிர்க்கும் உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கும் நாட்டில், இருட்டில் கதவை உடைப்பது காவலரைக் காப்பதில்லை, பலியிடுகிறது. டெக்சாஸ் மாநிலத்தில் 2013 டிசம்பரில் ஹென்றி மகீ என்பவர் வீட்டில் இப்படி நுழைந்த காவலர் கொல்லப்பட்டார். கொள்ளையர் என்று நினைத்தேன் என்றார் மகீ. அவர் மீது கொலைக் குற்றம் சாட்ட விசாரணை ஜூரி மறுத்துவிட்டது. ஐந்தே மாதத்தில், அதே மாநிலத்தின் கில்லீன் நகரில், மார்வின் கை என்பவர் வீட்டில் விடியற்காலையில் நுழைந்தபோது இன்னொரு காவலர் கொல்லப்பட்டார். கொள்ளையர் என்று நினைத்தேன் என்றே அவரும் சொன்னார். அவர் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாகக் கிடந்து, 2023-ல் ஆயுள் தண்டனை பெற்றார். ஹென்றி மகீ வெள்ளையர், மார்வின் கை கறுப்பர். அந்த இரண்டு காவலர்களின் குடும்பங்களும் இழந்ததில் எந்த வேறுபாடும் இல்லை. நியூயார்க் டைம்ஸ் 2017-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010 முதல் 2016 வரை இப்படிக் கதவை உடைத்து நுழைந்த சோதனைகளில் குறைந்தது 81 பொதுமக்களும் 13 காவலர்களும் உயிரிழந்திருக்கிறார்கள்.

'போலீஸ்' என்று கத்திக்கொண்டே நுழைந்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். மினசோட்டாவில் இருக்கும் எங்களிடம் அதைக் கேட்காதீர்கள். 2025 ஜூன் 14 அன்று போலீஸ் வேடமிட்ட ஒருவன் நள்ளிரவுக்குப் பின் வீடு வீடாகப் போனான். போலீஸ் வண்டி போன்ற வாகனம், முகத்தில் ரப்பர் முகமூடி. மாநில சட்டமன்றத்தின் முன்னாள் சபாநாயகர் மெலிசா ஹோர்ட்மனையும் அவருடைய கணவரையும் அவர்கள் வீட்டிலேயே கொன்றான். மாநில செனட் உறுப்பினர் ஒருவரும் அவர் மனைவியும் குண்டுகள் பாய்ந்து உயிர் தப்பினார்கள். அன்று முதல் எங்கள் குடியிருப்பில் பலர், கதவைத் தட்டுகிறவர் போலீஸ் என்று சொன்னால் அவசர எண்ணுக்குப் பேசி உறுதிசெய்த பிறகே திறப்போம் என்கிறார்கள். அது சரியான எச்சரிக்கை. அதற்கு அவகாசம் வேண்டும்.

சாட்சியப் பொருளைக் கழிப்பறையில் கொட்டிவிடுவார்கள் என்பது நண்பரின் வலுவான வாதம். கொட்டக்கூடும், மறுக்கவில்லை. அரை நிமிடத்தில் தண்ணீர் விட்டு அழித்துவிடக்கூடிய அளவுக்குத்தான் பொருள் இருக்கிறது என்றால், அதற்காகத் தூங்குகிற வீட்டுக்குள் துப்பாக்கியோடு பாய வேண்டுமா? அந்த ஆள் வெளியே வரும்போது தெருவில் பிடிக்கலாம். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சோதனையிடலாம். உள்ளே ஒருவர் உயிருக்குப் போராடுகிறார், பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றால் கதையே வேறு. அப்போது வாரண்டே இல்லாமல் நுழையச் சட்டம் ஏற்கெனவே இடம் கொடுக்கிறது.

தடை விதித்தாயிற்றே என்று ஆறுதல் கொள்ளவும் முடியவில்லை. லூயிவில் நகரம் 2020 ஜூனில் தடை செய்தது. ஆரிகன், ஃபுளோரிடா, வர்ஜீனியா மாநிலங்களில் தடை உண்டு. மினியாபொலிஸில் அமீர் லாக் இறந்த பிறகு, 2022 ஏப்ரலில் வந்த புதிய விதிப்படி பகலில் 20 விநாடியும் இரவில் 30 விநாடியும் காத்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் மேயர் 2020 நவம்பரிலேயே இந்த முறையைக் கட்டுப்படுத்திவிட்டதாக அறிவித்திருந்தார், தடையே வந்துவிட்டது என்று நாங்கள் பலரும் நம்பியிருந்தோம். பதினைந்து மாதம் கழித்துத்தான் அந்தச் சாவி திரும்பியது. இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. தட்டிவிட்டு மூன்று விநாடியில் உடைத்தாலும் தாளில் அது 'தட்டி நுழைந்த' சோதனைதான். 2006-ல் ஹட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம், காவலர் இந்த விதியை மீறி நுழைந்து கைப்பற்றிய பொருளையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்துவிட்டது. மீறினால் வழக்கு பாதிக்கப்படாது என்று ஆன பிறகு விதியை மதிக்க என்ன கட்டாயம் இருக்கிறது?

ஆகவே காத்திருக்கும் நேரம் மேயரின் உத்தரவாக இல்லாமல் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். உடற்கேமரா இயங்கத் தொடங்கிய பிறகுதான் கதவருகே போக வேண்டும். வாரண்டில் கையெழுத்திடும் நீதிபதி, அந்த வீட்டில் இன்று யார் குடியிருக்கிறார்கள், குழந்தைகள் உண்டா, அதை யார் எந்த நாளில் நேரில் சரிபார்த்தார் என்று கேட்டு எழுத்தில் பதில் பெற வேண்டும். என் அலுவலகம் போன்ற இடங்களில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் தகவல் இது. அமெரிக்க நாடாளுமன்றம் 1970-ல் மத்தியக் காவலர்களுக்குத் தட்டாமல் நுழையும் அதிகாரத்தைச் சட்டமாகக் கொடுத்தது. இல்லினாய் மாநிலத்தில் தவறான வீடுகளில் புகுந்து குடும்பங்களை மிரட்டிய நிகழ்ச்சிகள் 1973-ல் அம்பலமானதும், 1974-ல் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றது. அதே மன்றத்தில் 2020 ஜூனில் கென்டக்கியின் குடியரசுக் கட்சி செனட் உறுப்பினர் ராண்ட் பால், பிரியானா டெய்லர் பெயரிலேயே நாடு தழுவிய தடை மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.

இங்கே வாக்குரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் பல, தங்கள் நாளிதழை இணையத்தில் படிப்பவை. பள்ளி, வரி, விசா விஷயங்களுக்காக நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் அலுவலகத்துக்கு எழுதுகிறோம். இதற்காகவும் எழுதுங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தொகுதி உறுப்பினருக்கும் மாநில செனட் உறுப்பினருக்கும் நான் எழுதிவிட்டேன். அமீர் லாக் வழக்கின் கேமராக் காட்சியில் சாவி திரும்பும் நேரத்தையும், துப்பாக்கி வெடிக்கும் நேரத்தையும் குறித்து அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மினியாபொலிஸ், மினசோட்டா